எடை போட்டாச்சுங்களா?

கேள்வி கேட்ட தம்பி கோவையில் சட்டம் படிக்கிறார். அப்பா பெருந்துறைப் பக்கம் மஞ்சள் வியாபாரி. அவர் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு தோட்டத்துக்குப் போய், களத்தில் கிடந்த விரலி மஞ்சளைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்து, குவிண்டால் ரூ.13,000 என்று பேசி முடித்திருக்கிறார். மொத்தம் 30 குவிண்டால் தேறும் என்று கணக்கு. எழுத்து இல்லை, அச்சாரமும் இல்லை. கூட ஒரு தரகர் இருந்தார், அவ்வளவுதான். நான்காம் நாள் வேறொரு வியாபாரி ரூ.14,200 சொல்லவும், தோட்டத்துக்காரர் அந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். தம்பியின் கேள்விகள் மூன்று. வெறும் வாய்ப்பேச்சை எதற்காகச் சட்டம் தூக்கிச் சுமக்க வேண்டும்? மற்ற தேசங்களில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? நம் ஒப்பந்தச் சட்டமே வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதானே, அதில் நம்முடையது என்று ஏதாவது உண்டா?

நான் ஈரோட்டுப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் சிவில் வழக்குகள் நடத்தியவன். முதல் கேள்விக்கு எனக்கே இன்னும் முழுத் திருப்தியான பதில் கிடையாது. ஆனால் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்தை விட்டுவிட்டுப் பத்தாம் பிரிவிலிருந்து மனப்பாடம் செய்கிற காலத்தில் ஒருவர் இதைக் கேட்கிறாரே என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வாய்ப்பேச்சு செல்லுமா என்பதை முதலில் முடித்துவிடலாம். செல்லும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. இங்கிலாந்தில்தான் 1677இல் ஒரு சட்டம் போட்டு, 10 பவுனும் அதற்கு மேலும் விலையுள்ள சரக்கு என்றால் எழுத்தோ அச்சாரமோ சரக்கில் ஒரு பகுதியைப் பெற்றதோ இருக்க வேண்டும் என்றார்கள். 1954 வரைக்கும் அதை வைத்திருந்தார்கள். 1872இல் நமக்குச் சட்டம் எழுதியவர்கள் அந்தப் பூட்டை இங்கே கொண்டுவந்து மாட்டவில்லை. ஆக, அப்பாவும் தோட்டத்துக்காரரும் பேசி முடித்த அந்த நொடியில் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது. அதை நிரூபிப்பது தனிக் கதை.

இனி, ஏன் என்ற கேள்வி. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1740இல் ஒரு உதாரணம் சொன்னார். அதைக் கோபிச்செட்டிபாளையத்து வயலில் வைத்துப் பார்த்தாலும் அப்படியே பொருந்தும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர். உன் கதிர் இன்றைக்கு அறுப்புக்கு வந்துவிட்டது, என்னுடையது நாளைக்கு வரும். இன்று நான் உன் வயலில் இறங்கி, நாளை நீ என் வயலில் இறங்கினால் இருவருக்கும் லாபம். ஆனால் உன் மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை, உனக்கும் என் மேல் இல்லை. நான் இன்று வந்து உழைத்தபிறகு நாளை நீ வரமாட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் நான் வரவில்லை. நீயும் வரவில்லை. பருவம் தப்பி இரண்டு பேர் வெள்ளாமையும் போகிறது. வாக்கு என்பது இயற்கையில் முளைத்த ஒழுக்கம் இல்லை, இந்த இழப்பைத் தவிர்க்க மனிதர்கள் கூடிக் கண்டுபிடித்த ஏற்பாடு என்பது ஹியூமின் வாதம். ஒரு தடவை பேச்சு மாறினால் அடுத்த தடவை யாரும் கூட்டுச் சேரமாட்டார்கள் என்ற பயம்தான் அதற்கு உயிர். எங்கள் அப்புச்சி இதையே, "ஒருக்கா பேச்சு மாறுனவன் சந்தைக்கு மறுக்கா வரோணுமில்ல" என்று முடித்துவிடுவார்.

ஜெர்மன் அறிஞர் கான்ட் இந்த வழிக்கு வரமாட்டார். அவருக்கு லாப நட்டக் கணக்கே பிடிக்காது. 1797இல் அவர் சொன்னதன் சாரம் இது: ஒப்பந்தம் செய்ததும் எனக்குக் கிடைப்பது பொருள் அல்ல, உன் செயல். நீ தருவாய் என்ற அந்த எதிர்காலச் செயலை நீயே உன் விருப்பத்தால் என் வசம் ஒப்படைத்துவிட்டாய். இனி அதைத் திரும்ப எடுத்துக்கொள்வது என் உடைமையை எடுப்பதற்குச் சமம். பொருள் கைமாறும்போதுதான் பொருள் மேலேயே எனக்கு உரிமை வருகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, உங்கள் அப்பாவின் மஞ்சளுக்கு இது வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஆள் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ். இதற்கெல்லாம் எதற்குத் தத்துவம் என்று 1897இல் ஒரே போடாகப் போட்டார். ஒப்பந்தக் கடமை என்றால், சொன்னதைச் செய், செய்யாவிட்டால் நட்டஈடு கட்டு என்ற முன்னறிவிப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார். வக்கீல் வேலை பார்த்தவர்களுக்கு இது முதலில் இனிக்கும். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் கேட்பது அதைத்தானே, "எவ்வளவு ஆகுமுங்க?" என்று! ஆனால் இதைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வராத கட்சிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் உண்மையான முடிச்சு. உங்கள் அப்பா ஒரு பைசா கொடுக்கவில்லை. தோட்டத்துக்காரர் மாறியதால் அவர் கையிலிருந்து எதுவும் போகவில்லை. ஆனாலும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவுப்படி, பேசிய விலைக்கும் சரக்குத் தர வேண்டிய நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு வர வேண்டும். அந்தப் பிரிவிலேயே முதல் உதாரணமாக 50 மணங்கு வெடியுப்பை வைத்து இதைச் சொல்லியிருக்கிறார்கள். சந்தை விலை ரூ.14,200தான் என்று வைத்துக்கொண்டால் குவிண்டாலுக்கு ரூ.1,200, முப்பதுக்கு ரூ.36,000. கையிலேயே இல்லாத லாபத்தை இழப்பு என்று எப்படிச் சொல்வது? 1936இல் ஃபுல்லர், பெர்டியூ என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு பதில் எழுதினார்கள். சட்டம் உண்மையில் காப்பாற்ற நினைப்பது நம்பி நடந்தவனின் நட்டத்தை. ஆனால் அந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் அப்பா அந்த நான்கு நாளும் வேறு தோட்டத்துக்குப் போகவில்லை, ரூ.13,100க்கு இன்னொரு களத்தில் கிடந்த மஞ்சளை விட்டுவிட்டிருக்கலாம். அதை எந்தச் சாட்சி வைத்து நிரூபிப்பார்? அதனால் அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக அளக்க முடிந்த ஒன்றை, அதாவது விலை வித்தியாசத்தை, சட்டம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்தப் பதில்தான் மற்றவற்றைவிடப் பக்கத்தில் வருகிறது. ஆனால் பேசி முடித்த அடுத்த நிமிடமே மாறினாலும் இதே தொகைதான் என்பதை இது முழுதாக விளக்கவில்லை. அந்த இடத்தில் கான்ட் சிரிப்பார்.

அடுத்து, மற்ற தேசங்கள். என் பார்வையில் இதன் மொத்தக் கதையும் ஒரே கேள்விதான்: வாக்கு மட்டும் போதாது என்றால், அதற்கு மேல் என்ன வேண்டும்? எந்த மரபும் எல்லா வாக்கையும் காப்பாற்றியதில்லை. ஒவ்வொன்றும் கூட இன்னொன்றைக் கேட்டது.

பழைய ரோமானியர்கள் சடங்கைக் கேட்டார்கள். ஒருவர் "தருவதாக வாக்களிக்கிறாயா?" என்று கேட்க வேண்டும், மற்றவர் அதே வினைச்சொல்லில் "வாக்களிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எத்தனை மாதம் நடந்தாலும், உப்புச் சர்க்கரை வாங்கும்வரை "பேசிட்டிருக்கறோம்" என்றுதானே சொல்வோம். வாங்கின பிறகு "முடிச்சாச்சு" என்போம். அந்த மாதிரி. நிலம், அடிமை, எருது, குதிரை, கழுதை இவற்றைக் கைமாற்ற அவர்களிடம் இன்னும் பெரிய சடங்கு ஒன்று இருந்தது. வயது வந்த ரோமக் குடிமக்கள் ஐந்து பேர் சாட்சி நிற்க, ஆறாவதாக ஒருவர் வெண்கலத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாங்குகிறவர் பொருளைக் கையால் பற்றி, இது என்னுடையது என்று சொல்லி, ஒரு வெண்கலத் துண்டால் தராசைத் தட்டிவிட்டு அந்தத் துண்டை விற்பவரிடம் கொடுப்பார். நாணயம் வராத காலத்தில் உலோகத்தை எடை போட்டு விலை கொடுத்ததன் மிச்சம் அது. பிற்காலத்தில் விற்பனை, வாடகை அல்லது கூலி, கூட்டுத்தொழில், ஒருவர் பேரில் காரியம் முடித்துக் கொடுப்பது என்ற நான்குக்கு மட்டும் வெறும் சம்மதமே போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

அப்புச்சி காங்கேயம் காளை வாங்கக் கண்ணபுரம் தேருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார்கள். எத்தனை விரல், எந்தக் கணு என்பதில் விலை இருக்கிறது. சுற்றி நிற்பவருக்கு முகம் மட்டும் தெரியும். படிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார் அப்புச்சி. அந்த உதறலுக்குப் பிறகு எவன் வந்து கூடக் கேட்டாலும் மாட்டுக்காரர் கயிற்றை மாற்றிக் கொடுக்கமாட்டார். பல வருடம் கழித்து ரோமானியச் சட்டம் படித்தபோது, தராசைத் தட்டுகிறவரின் கை எனக்கு அந்தத் துண்டாகத்தான் தெரிந்தது.

தமிழ்நாட்டுப் பழைய ஆவணங்கள் கேட்டது வேறொன்று. சோழர், பாண்டியர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: "இதுவே விலையோலை ஆவதாகவும், இதுவே பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை ஆவதாகவும்." விற்றதற்கும் இதுதான் ஓலை, விலைப்பணம் முழுதும் வந்து சேர்ந்ததற்கும் இதுதான் ஓலை, வேறு ரசீது காட்டு என்று பிறகு கேட்காதே என்று அர்த்தம். இன்றைக்கும் புரோநோட்டில் "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதாமல் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. பணம் கொடுக்கல் வாங்கல் நடந்ததா என்பதை வாக்கோடு சேர்த்தே கட்டிவைக்கும் வழக்கம் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது அல்ல.

பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்தை ஒரு கிழவர் வந்து நிறுத்துகிறாரே, அதையும் ஒரு சிவில் வழக்காகப் படித்துப் பாருங்கள். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆள் ஓலை இது என்கிறார் கிழவர். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது நகல், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். வெண்ணெய்நல்லூர் சபையார் கேட்பது ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்று: அனுபவம், எழுத்து, சாட்சி. சாட்சியச் சட்டம் 1872இல்தான் பிறந்தது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் எனக்கு அதில் சுவையான இடம் வேறு. "யானும் என்பால் வருமுறை மரபுளோரும்", அதாவது நானும் என் வழிவந்தவர்களும், அடிமை என்று பாட்டன் எழுதியது பேரனை எப்படிக் கட்டும் என்று சபை கேட்கவே இல்லை. குடும்பம்தான் அங்கே ஆள். தனிமனிதன் ஆளாவது ரொம்பப் பிந்தி. இந்து சட்டத்தில் அப்பன், பாட்டன், முப்பாட்டன் கடனைத் தீர்ப்பது பிள்ளைகளின் புண்ணியக் கடமை என்ற விதியை, புதிதாக வாங்கும் கடன்களுக்கு இல்லை என்று நாடாளுமன்றம் எடுத்துப்போட்டதே 2005இல்தான்.

ஐரோப்பாவுக்குத் திரும்பினால், மத்திய காலத்து மதச் சட்ட அறிஞர்கள் வாக்கு மீறுவது பாவம் என்ற பக்கத்திலிருந்து வந்து, சடங்கு இல்லாத வாக்கும் கட்டும் என்றார்கள். அங்கிருந்து பிரான்சின் 1804ஆம் ஆண்டு சிவில் சட்டம் வரை ஒரு நேர்கோடு. முறையாகச் செய்த ஒப்பந்தம் செய்தவர்களுக்குச் சட்டத்தின் பலம் கொண்டது என்று அதில் எழுதினார்கள். அதோடு, அந்தக் கடமைக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அந்தக் காரணம் என்றால் என்ன என்று இருநூறு வருடம் பேராசிரியர்கள் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். 2016 திருத்தத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டம் பொதுவாகச் சம்மதத்தோடு நிறுத்திக்கொண்டது. நன்கொடை வாக்கு மாதிரி ஆபத்தானவற்றுக்கு மட்டும் நோட்டரி முன்னால் எழுத்து கேட்டது.

இங்கிலாந்து கேட்டது மறுபயன். நீ தருவதற்குப் பதிலாக நான் என்ன தருகிறேன் அல்லது எதை விட்டுக்கொடுக்கிறேன்? பதிலுக்கு ஒன்றும் இல்லையென்றால், முத்திரையிட்ட பத்திரம் இல்லாமல் வாக்கு கோர்ட்டில் நிற்காது. மறுபயனை வாக்கு பெற்றவனே கொடுத்திருக்க வேண்டும் என்றும் இழுத்துக் கட்டினார்கள். 1861இல் ஒரு வழக்கு. இரண்டு சம்பந்திகள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று மாப்பிள்ளைக்குக் கொடுப்பதாக. பெண்ணின் அப்பா கொடுக்காமலே இறந்துபோகிறார். மாப்பிள்ளை வழக்குப் போட்டார். நீ ஒன்றும் கொடுக்கவில்லையே, நீ இந்த ஒப்பந்தத்துக்கு அந்நியன் என்று தள்ளிவிட்டார்கள். நம் ஊரில் இந்தத் தீர்ப்பைச் சொன்னால், "மாப்பிள்ளை அந்நியனா?" என்று ஊரே சிரிக்கும்.

வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதானே என்றீர்களே, அதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் முதல் வரைவு 1860களில் லண்டனில் உட்கார்ந்த ஆணையம் எழுதியது; நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்டு தயாரித்த சிவில் சட்ட வரைவிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். இங்கே வைஸ்ராய் கவுன்சிலில் ஸ்டீஃபன் என்பவர் சட்ட உறுப்பினராக இருந்த காலத்தில் நிறைவேறி, 1872 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. தாய் இங்கிலாந்துதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை தாயைப்போல இல்லை. மறுபயனை வாக்கு பெற்றவரோ "வேறு எவரேனுமோ" கொடுக்கலாம் என்று 2ஆம் பிரிவில் ஆங்கிலத்தில் நான்கே சொல்லைச் சேர்த்தார்கள். சட்டம் வந்து பத்து வருடத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு சின்னையா எதிர் ராமய்யா வழக்கு வந்தது. ஒரு மூதாட்டி மகளுக்கு நிலத்தைத் தானமாக எழுதிவைத்து, தன் உடன்பிறப்புக்கு வருடம் ரூ.653 கொடுத்துவர வேண்டும் என்கிறார். மகளும் கொடுப்பதாகத் தனியாக எழுதித் தருகிறாள். பிறகு மறுக்கிறாள்: எனக்கு நிலம் கொடுத்தது அம்மா, நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? அந்த நான்கு சொல்லை வைத்தே கோர்ட் அவளைக் கொடுக்கச் சொன்னது. 1910இல் இன்னும் ஒரு படி. மாமனார் ஒருவர் மருமகளுக்கு மாதம் ரூ.500 வெற்றிலைச் செலவுக்குத் தருவதாகப் பெண்ணின் அப்பாவிடம் எழுதிக்கொடுத்திருந்தார். அன்றைக்கு நம் கோர்ட்டுகளுக்கு மேல் கடைசி அப்பீல் போகும் இடமான லண்டன் பிரிவி கவுன்சிலே, பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் கல்யாணம் பேசி முடிக்கும் தேசத்தில் 1861 தீர்ப்பைப் பொருத்தினால் அநியாயமாகிவிடும் என்று சொல்லி மருமகள் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்து தன் விதியைச் சட்டம் போட்டுத் தளர்த்தியது 1999இல். சம்பந்தி வீட்டு வழக்கம் சட்டத்தை வளைத்த இடம் அது.

25ஆம் பிரிவும் அப்படித்தான். நெருங்கிய உறவில் இயற்கையான அன்பினால் எழுதிப் பதிவு செய்த வாக்குக்கு மறுபயனே வேண்டாம். அன்பு உண்மையில் இருக்க வேண்டும் என்பது வேறு. 1900இல் கல்கத்தாவில் ஒரு கணவர் மனைவிக்கு மாதச் செலவு எழுதிக்கொடுத்து, எழுதிய காரணமாக இருவருக்கும் நடந்த சண்டையையே பத்திரத்தில் விவரித்துவைத்திருந்தார். இதில் அன்பு எங்கே என்று கோர்ட் கேட்டது. பத்திர எழுத்தரிடம் முழுக் கதையும் சொல்லக்கூடாது என்பதற்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது.

மறுபயனும் நம்பிக்கையும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்க நன்கொடை வழக்குகள் நல்லவை. 1886இல் ஹௌராவில் நகர மண்டபம் கட்ட ஒருவர் ரூ.100 எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்குகளை நம்பி ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றது கோர்ட். 1930களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் கோயில் திருப்பணிக்கு எழுதிய நன்கொடை. வேலை முன்பே தொடங்கி, பணம் போதாமல்தான் வசூலுக்கே வந்திருக்கிறார்கள். உன் வாக்கை நம்பி யாரும் புதிதாக எதையும் செய்யவில்லை என்று வழக்கைத் தள்ளியது கோர்ட். கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் எந்தத் தேதியில் ரசீது போட வேண்டும் என்பது விளங்கும்.

மொய்யை மட்டும் எந்தக் கோர்ட்டும் தொடாது. ஒரு தடவை ஒருவர் மூன்று மொய் நோட்டோடு என் ஆபீசுக்கு வந்தார். பங்காளி வீட்டுக் காரியங்களுக்குத் தான் வைத்தது அத்தனையும் தேதியோடு இருக்கிறது, தன் மகள் கல்யாணத்துக்கு அவர்கள் வைக்கவில்லை, நோட்டீஸ் விட முடியுமா என்றார். எழுத்து இருக்கிறது, தொகை இருக்கிறது, திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு இரண்டு பக்கமும் சந்தேகமில்லாமல் இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் வைத்தவருக்கும் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அடுத்த வருடம் அவர் வீட்டுப் பத்திரிகையில் "மொய் தவிர்க்கவும்" என்று அச்சடித்திருந்தது.

அச்சாரத்துக்கு வருவோம். ரோமானியர்களிடமும் அது உண்டு. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்துச் சட்டப்படி, கொடுத்தவன் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு, வாங்கினவன் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். பிரெஞ்சுச் சட்டம் 1590ஆம் விதியில் இதை அப்படியே வைத்துக்கொண்டது. அங்கே அச்சாரம் என்பது விலை கொடுத்து வெளியேறும் கதவு. ஜெர்மன் சட்டத்தில் நேர் எதிர்: அச்சாரம் கொடுத்தது ஒப்பந்தம் முடிந்ததற்கு அடையாளம், சந்தேகம் வந்தால் அதை வெளியேறும் விலையாகக் கொள்ளாதே. நம் சந்தை ஜெர்மன் கட்சி என்பது என் அனுபவம். மாட்டுக்கு ஐம்பது ரூபாய் அச்சாரம் கொடுத்தால், அந்த ஐம்பதை விட்டுவிட்டுப் போகும் உரிமை கிடைத்தது என்று யாரும் நினைப்பதில்லை. நம் கோர்ட்டுகள் நடுவில் நிற்கின்றன. நியாயமான அளவு அச்சாரத்தைப் பிடித்துக்கொள்வது தண்டனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1969இல் சொன்னது. நட்டமே படாதவர் அதை விழுங்க முடியாது என்ற பக்கமாக 2015இல் நகர்ந்தது. உங்கள் அப்பா ஆயிரம் ரூபாயாவது கொடுத்திருந்தால் தோட்டத்துக்காரர் அடுத்த வண்டிக்கு ஆள் கூப்பிட யோசித்திருப்பார். சட்டம் அதைக் கேட்கவில்லை, மனிதர்களுக்கு வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம பலம். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகளுக்கு வந்தால் இந்தத் தத்துவமெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், ராத்திரி கண்விழிப்பது விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. என்னிடம் வந்த ஒருவர் கையில் பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தமிழில் கையெழுத்து. "படிச்சீங்களா?" என்றேன். "படிச்சு என்னுங்க பண்றது, கொட்டாய்க்கு பேங்க்ல லோன் வாங்கியாச்சு" என்றார். சம்மதம் இருக்கிறது, மறுபயன் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. ஹியூமின் இரண்டு வயல்காரர்கள்தான் இல்லை. பிறப்பால் வந்த நிலையிலிருந்து ஒப்பந்தத்துக்கு நகர்வதே வளர்ச்சி என்று ஹென்றி மெய்ன் 1861இல் எழுதினார். கொட்டகை போட்டு முடித்தவருக்கு அந்த ஒப்பந்தமே ஒரு நிலையாகிவிடுகிறது, வெளியே வர வழியில்லை. ஜெர்மன்காரர்கள் அச்சடித்த ஒப்பந்தங்களின் அநியாய வாசகங்களைக் கோர்ட் வெட்டி எறியலாம் என்று தங்கள் சிவில் சட்டத்துக்குள்ளேயே விதிகள் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் 1986இல் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை நிறுவன ஊழியர் வழக்கில் அந்தத் திசையில் போனது. ஆனால் வியாபார ஒப்பந்தங்களுக்கு அதை நீட்ட அந்தத் தீர்ப்பே தயங்கியது. கோழிப் பண்ணைக்காரர் வியாபாரியா, கூலியாளா? இதற்குப் பதில் சொல்லாமல் சம்மதத்தைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, மஞ்சள். 36,000 ரூபாய் கணக்கை முன்பே சொன்னேன். அது தோட்டத்துக்காரரின் செயல் மேல் அப்பாவுக்கு இருந்த உரிமைக்கு. மஞ்சள் மேலேயே உரிமை வந்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. இங்கே தேசங்கள் மறுபடி பிரிகின்றன. பொருளும் விலையும் பேசி முடிந்ததும் சொத்தே மாறிவிடும், சரக்கும் பணமும் கைமாறாவிட்டாலும் சரி என்பது பிரெஞ்சுச் சட்டம். ஜெர்மனியில் விற்கும் ஒப்பந்தம் வேறு, சொத்தை ஒப்படைக்கும் செயல் வேறு. இரண்டாவது நடக்கும்வரை வாங்கியவருக்குக் கோர்ட்டில் கேட்கும் உரிமை மட்டும்தான். நம் நாட்டில் நிலத்துக்கு ஏறக்குறைய ஜெர்மன் மாதிரி: கிரய அக்ரிமென்ட் போட்டதாலேயே நிலத்தில் உரிமை வராது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். சரக்குக்கோ ஏறக்குறைய பிரெஞ்சு மாதிரி. இன்ன சரக்கு என்று குறிப்பிட்டதாக இருந்து, கொடுக்கத் தயார் நிலையிலும் இருந்தால், பேசிய நேரத்திலேயே சொத்து மாறிவிடும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம் 20ஆம் பிரிவு.

ஆனால் அடுத்த இரண்டு பிரிவுகளையும் விடாமல் படியுங்கள். சரக்கைக் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவர விற்பவர் இன்னும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், அது முடிந்து வாங்குபவருக்குத் தெரியும்வரை சொத்து மாறாது. விலையைக் கணக்கிட விற்பவர் எடை போட வேண்டியிருந்தாலும் அப்படியே. ரோமானியச் சட்டமும் எடை போட்டு விற்கும் பொருளுக்கு எடை முடியும்வரை விற்பனை நிறைவடையாது என்றது. பேசிய உடனே சொத்து மாறும் என்ற பிரான்சிலும், எடை முடியும்வரை சரக்கின் ஆபத்து விற்றவர் தலையில்தான்.

ஆகவே அப்பாவிடம் போய்க் கேளுங்கள். பேசியபோது மஞ்சள் வேகவைத்துக் காய்ந்து மெருகு போட்டு முடிந்திருந்ததா, இல்லை மெருகு போட்டுத் தருவதாகத் தோட்டத்துக்காரர் சொன்னாரா? எடை போட்டு மூட்டை தைத்து அப்பாவின் குறி வைத்தாயிற்றா, "30 தேறும்" என்ற கண்ணளவுதானா? எடை போடாவிட்டால், நான்காம் நாள் வண்டியேறியது தோட்டத்துக்காரருடைய மஞ்சள். அவருக்கு எதிராக நட்டஈடு கேட்கலாம், மஞ்சளைக் கேட்க முடியாது. எடை போட்டிருந்தால் ஏறியது அப்பாவின் மஞ்சள். அப்போதும், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கி ஏற்றிக்கொண்டு போன இரண்டாவது வியாபாரியை 30ஆம் பிரிவு காப்பாற்றிவிடும். தெரிந்தே வாங்கியிருந்தால் காப்பாற்றாது. தரகர் அவரிடம் என்ன சொன்னார் என்பதையும் விசாரியுங்கள். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அந்தத் தரகரும், அப்பாவின் போனில் அன்று ராத்திரி போன வாட்ஸ்அப்பும்தான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்த நான்கு நாளில் ஒரு கோடை மழை அடித்து, களத்தில் எடை போட்டுவைத்த மஞ்சள் நனைந்து போயிருந்தால், சொத்து மாறிவிட்டதால் நட்டமும் அப்பா தலையில்தான் விழும். அப்போது அவர் எடை போட்டாச்சு என்பாரா, இல்லை என்பாரா?